அறிவியல் புனைகதை நூல்களுக்கு அட்டை ஓவியராவது எப்படி? முழுமையான வழிகாட்டி

பதிப்பகத்திலிருந்து வரும் முதல் மடல் பெரும்பாலும் அரைப் பக்கம்தான் இருக்கும். நாவலின் தற்காலிகத் தலைப்பு, பக்க எண்ணிக்கை, ஒப்படைக்க வேண்டிய தேதி, கடைசியில் ஒரு வரி: "விண்கலம் இருக்கட்டும், ஆனால் போர்க்கதை போலத் தோன்ற வேண்டாம்." அந்த ஒரு வரியை, கடை அலமாரியைக் கடந்து போகும் ஒருவரின் காலை நிறுத்தும் படமாக மாற்றித் தருவதுதான் இந்தத் தொழில்.

கைவன்மை உள்ள ஓவியர்கள் ஏராளம். அவர்களில் இந்தத் துறையில் நிலைத்து நிற்பவர்களிடம் இரண்டு பழக்கங்களைத் தொடர்ந்து பார்க்கிறேன். கையெழுத்துப் பிரதியைப் பொறுமையாகப் படிக்கிறார்கள். இல்லாத உலகத்தை வரையும்போதும் அதன் ஒளியையும் அளவையும் கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். கீழே உள்ள படிகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டும் திரும்பத் திரும்ப வரும்.

படி 1: வேலை யாரோடு நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

எழுத்தாளரும் ஓவியரும் உட்கார்ந்து பேசி அட்டையை முடிவு செய்வார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரிய பதிப்பகங்களில் அது அரிது. உங்களோடு பேசுபவர் ஆர்ட் டைரக்டர், அதாவது பதிப்பகத்தில் நூல்களின் தோற்றத்துக்குப் பொறுப்பானவர். அவர் எடிட்டரிடமும் விற்பனைப் பிரிவிடமும் பேசிவிட்டு உங்களிடம் வருவார். எழுத்தாளரின் கருத்தைக் கேட்பார்கள். முடிவு பெரும்பாலும் பதிப்பகத்தின் கையில்தான். தலைப்பு எழுத்துகளை அமைப்பவர் அநேகமாக வேறொரு வடிவமைப்பாளராக இருப்பார். ஆகவே படத்தின் மேல் பகுதியிலோ கீழ்ப் பகுதியிலோ அவருக்கு இடம் விட்டு வரைய வேண்டும். புத்தகக் கடைகளுக்கு அனுப்பும் பட்டியலில் அட்டை இடம்பெற வேண்டும் என்பதால், நூல் வெளியாவதற்குப் பல மாதங்கள் முன்பே உங்கள் வேலை முடிந்திருக்கும்.

சொந்தமாகப் பதிப்பிக்கும் எழுத்தாளர் என்றால் கதையே வேறு. அவரே வாடிக்கையாளர், அவரே எடிட்டர். அவருக்கு என்ன வேண்டும் என்பதை அவர் வாயிலிருந்து வரவழைப்பதே பாதி வேலை.

இரண்டு வழியிலும் நீங்கள் ஃப்ரீலான்சர்தான். மாதச் சம்பளத்துக்கு அட்டை ஓவியரை வைத்திருக்கும் பதிப்பகங்கள் மிகக் குறைவு.

படி 2: முன்னோடிகளின் படங்களோடு கொஞ்ச காலம் வாழுங்கள்

1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் ஆங்கில இதழ் அது. முதல் இதழின் அட்டையை வரைந்தவர் ஃபிராங்க் ஆர். பால். வானத்தை அடைத்துக்கொண்டு வளையத்தோடு சனிக்கோள். கீழே பனிப்பரப்பில் சறுக்கி விளையாடும் மனிதர்கள். பால் கட்டடக்கலை பயின்றவர். அவருடைய எந்திரங்களும் நகரங்களும் உண்மையாகவே கட்டி எழுப்பக்கூடியவை போலத் தோன்றும். மனித முகங்களில் அந்த வலு இல்லை. ஆனாலும் 1939-ல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு அவரைத்தான் சிறப்பு விருந்தினராக அழைத்தார்கள்.

1944-ல் 'லைஃப்' இதழில் செஸ்லி பொனெஸ்டெலின் சனிக்கோள் ஓவியங்கள் வந்தன. அதன் வெவ்வேறு துணைக்கோள்களில் நின்று பார்த்தால் சனி எப்படித் தெரியும் என்று வரைந்திருந்தார். அவரும் கட்டடக்கலை வழியாக வந்தவர்தான். நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்தில் வேலை செய்தவர், பிறகு ஹாலிவுட்டில் திரைப்படப் பின்னணி ஓவியர். அவருடைய படங்களைப் பார்த்தவர்களுக்கு, யாரோ அங்கே போய்ப் படம் பிடித்து வந்ததுபோல் இருந்தது.

1950-களில் ரிச்சர்ட் பவர்ஸ் பாலன்டைன் பதிப்பக நூல்களுக்கு விண்கலமே இல்லாத, கனவில் வருவது போன்ற வடிவங்களை வரைந்தார். லியோ, டயான் டில்லன் தம்பதி 1971-ல் அறிவியல் புனைகதைத் துறையின் புகழ்பெற்ற ஹ்யூகோ விருதை, சிறந்த தொழில்முறை ஓவியர் பிரிவில், பெற்றார்கள். 1970-களில் கிறிஸ் ஃபாஸ் ஏர்பிரஷ்ஷில் தீட்டிய வரிக்கோடு போட்ட ராட்சத விண்கலங்கள் பிரிட்டிஷ் பேப்பர்பேக்குகளின் முகத்தையே மாற்றின. மைக்கேல் வீலன் கதையை நுணுக்கமாகப் படித்து வரைபவர் என்று பெயரெடுத்தவர். 15 ஹ்யூகோ விருதுகள் பெற்றவர்.

இவர்களை ரசிப்பதோடு நிறுத்தாதீர்கள். பிடித்த 20 அட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றையும் தீப்பெட்டி அளவில், கறுப்பு, சாம்பல், வெள்ளை என்ற மூன்றே நிறங்களில் வரைந்து பாருங்கள். நல்ல அட்டை அந்த அளவிலும் அடையாளம் தெரியும். ஏன் தெரிகிறது என்று உங்கள் கை கற்றுக்கொள்ளும்.

படி 3: அடிப்படைப் பயிற்சி

மனித உடல், பெர்ஸ்பெக்டிவ், ஒளி-நிழல், உலோகம், துணி. இதில் குறுக்குவழி கிடையாது. எண்ணெய் வண்ணமோ அக்ரிலிக்கோ ஃபோட்டோஷாப்போ, எது கைக்குப் பழகுகிறதோ அதில் செய்யுங்கள். பணம் செலவழிக்க முடியாதவர்களுக்கு, வரைவதற்கான கிரிட்டா, முப்பரிமாண உருவங்களுக்கான பிளெண்டர் என்ற இரண்டு மென்பொருள்களும் இலவசம். விண்கலத்தையோ நகரத்தையோ பிளெண்டரில் எளிய பெட்டிகளாகக் கட்டி, கேமராவைச் சுற்றி நகர்த்திக் கோணம் தேடி, அதன் மேல் வரைவது இன்று சாதாரணமான நடைமுறை. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். அறிவியல் புனைகதை என்றால் எந்திரம் மட்டும்தான் என்று எண்ணி மனிதர்களை வரையாமல் ஒதுங்காதீர்கள். வரும் வேலைகளில் கணிசமானவற்றில் ஒரு மனிதர் நிற்பார்.

படி 4: வானத்தைக் கணக்குப் போட்டு வரையுங்கள்

மற்ற அட்டை ஓவியர்களிடமிருந்து உங்களைப் பிரித்துக் காட்டுவது இந்தப் படிதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சனியின் துணைக்கோளான டைட்டனில் ஒருத்தி நிற்கிறாள், பின்னால் சனி என்று வைத்துக்கொள்வோம். சனியின் விட்டம் சுமார் 1,20,000 கி.மீ. டைட்டனிலிருந்து அதன் தூரம் சுமார் 12,20,000 கி.மீ. விட்டத்தைத் தூரத்தால் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் வானில் அது அடைக்கும் கோணம் கிடைக்கும்: ஏறக்குறைய 5.6 டிகிரி. நமக்குத் தெரியும் நிலா அரை டிகிரிதான். அதாவது, சனி நிலாவைப்போல் 11 மடங்கு அகலம்.

கேட்கப் பெரிதாக இருக்கிறது. இப்போது 6 அங்குல அகலம், 9 அங்குல உயரம் உள்ள அட்டையை எடுங்கள். படத்தின் அகலம் 50 டிகிரிப் பார்வையைக் காட்டுகிறது என்றால், சனிக்குக் கிடைப்பது ஒன்பதில் ஒரு பங்கு. அட்டையில் அது முக்கால் அங்குலம்கூட இல்லாத வட்டம். சனி அட்டையின் மூன்றில் ஒரு பங்கு அகலத்தை நிரப்ப வேண்டுமானால் பார்வைக் கோணத்தை 17 டிகிரிக்குக் குறைக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து 80 மி.மீ. லென்ஸில் பார்ப்பதுபோல. அப்போது அந்தப் பெண்ணை ஒன்றரை அங்குல உயரத்தில் வரைந்தால், அவள் நம்மிடமிருந்து சுமார் 23 மீட்டர் தள்ளி நிற்கிறாள் என்று பொருள். அவள் காலடித் தரை தட்டையாக ஒடுங்கித் தெரியும். பின்னாலிருக்கும் மலைகள் நெருங்கி வந்து நிற்கும். இந்தக் கணக்கைப் போடாமல் அகன்ற கோணத் தரையை வரைந்து, அதன் பின்னால் பெரிய கோளை ஒட்டினால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் படம் பொய்யாக இருக்கிறது என்று கண் சொல்லிவிடும்.

இன்னொன்று. டைட்டன் ஏறத்தாழ வளையத்தின் தளத்திலேயே சுற்றுகிறது. ஆகவே அங்கிருந்து வளையம் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும். சாய்ந்த தட்டுபோல வரைந்தால் தவறு. சூரிய ஒளி அங்கே பூமியில் கிடைப்பதில் சுமார் 90-ல் ஒரு பங்கு. அதற்காக இருட்டாக வரைய வேண்டியதில்லை. முழுநிலவு வெளிச்சத்தைவிட அது இன்னமும் பல ஆயிரம் மடங்கு அதிகம்.

இவ்வளவும் போட்ட பிறகு மேலும் ஒரு கேள்வி இருக்கிறது. டைட்டனின் தரையிலிருந்து சனி தெரியவே தெரியுமா? பொனெஸ்டெல் 1944-ல் தெளிந்த வானத்தில் அதை வரைந்தார். அதே ஆண்டுதான் ஜெரார்ட் கைப்பர் டைட்டனுக்கு வளிமண்டலம் இருப்பதைக் கண்டறிந்தார். அது அடர்ந்த ஆரஞ்சு மூட்டம் என்பது பிறகு விண்கலங்கள் போன பின் உறுதியானது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் என்ற ஆய்வுக்கலம் அந்தத் தரையிலேயே இறங்கியது. இன்று ஒரு நாவலுக்கு இந்தக் காட்சியைக் கேட்டால், மூட்டத்துக்கு மேலே பறக்கும் கலத்திலிருந்து சனியைக் காட்டலாமா என்று ஆர்ட் டைரக்டரிடம் நீங்களே கேட்கலாம். இந்தக் கேள்வியைக் கேட்கும் ஓவியரை அவர்கள் மறப்பதில்லை.

காற்றில்லாத இடங்களில் தூரம் மங்கலாகாது என்பதையும் நினைவில் வையுங்கள். பூமியில் தூரத்து மலை நீலம் பூத்து மங்கும், நிலவில் மங்காது. 1971-ல் அப்போலோ 14 வீரர்கள் ஷெப்பர்டும் மிட்செலும் கோன் பள்ளத்தின் விளிம்பைத் தேடி ஏறி, மிக அருகில் போயும் அதைக் காணாமலே திரும்பினார்கள். கண்ணுக்குத் தூரத்தை அளக்கத் துப்பு இல்லை. அப்படிப்பட்ட இடத்தை வரையும்போது அளவைக் காட்ட கால்தடம், ஏணி, தலைக்கவசம் என்று தெரிந்த அளவுள்ள பொருள் ஒன்றைப் படத்துக்குள் வைக்க வேண்டியிருக்கும்.

நாசாவின் படங்கள் பெரும்பாலும் பதிப்புரிமை இல்லாதவை. ஆதாரப் படங்களாகத் தாராளமாகப் பயன்படுத்தலாம். முத்திரையையும் அடையாளம் தெரியும் மனிதர்களையும் மட்டும் தவிருங்கள்.

படி 5: போர்ட்ஃபோலியோ

உங்கள் வேலையைக் காட்டும் இந்தத் தொகுப்பில் 10 அல்லது 12 படங்கள் போதும். உள்ளதில் பலவீனமான படத்தை வைத்துத்தான் உங்களை எடைபோடுவார்கள். ஆகவே எண்ணிக்கைக்காக எதையும் சேர்க்காதீர்கள். திரைப்படக் கதாபாத்திரங்களின் ரசிகர் ஓவியங்களால் இங்கே பலன் குறைவு. பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய கதைகளை எடுத்து, தலைப்பு எழுத்துகளோடு முழு அட்டையாகவே செய்து காட்டுங்கள். ஒரே தொடரின் மூன்று பாகங்களுக்கு மூன்று அட்டைகள் செய்தால் இன்னும் நல்லது. தொடர் நூல்கள் நிறைந்த துறை இது. மூன்றாம் பாகம் வரை ஒரே மொழியில் உங்களால் பேச முடியும் என்று அது காட்டும்.

படி 6: வாய்ப்பைத் தேடிப் போவது

உங்கள் ஓவியம் பொருந்தும் என்று தோன்றும் நூல்களை எடுத்து, உரிமைப் பக்கத்தையும் பின்னட்டையையும் பாருங்கள். அட்டை ஓவியர், வடிவமைப்பாளர் பெயர்கள் பெரும்பாலும் அங்கே இருக்கும். எந்தப் பதிப்பகம் எந்த வகை ஓவியரைத் தேடுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லித் தர மாட்டார்கள். பிறகு ஆர்ட் டைரக்டருக்கு நான்கு வரி மடல், ஒரு இணைப்பு, உள்ளேயே தெரியும்படி ஒரு படம். பதில் வராது. ஆறு மாதம் கழித்துப் புதுப் படத்தோடு மீண்டும் அனுப்புங்கள். பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொடக்கத்துக்குச் சிறுகதை இதழ்களும் சிறு பதிப்பகங்களும் ஏற்றவை. சில இதழ்கள், ஏற்கெனவே வரைந்து முடித்த ஓவியத்துக்கே உரிமம் வாங்கி அட்டையில் போடுகின்றன. அறிவியல் புனைகதை மாநாடுகளின் ஓவியக் கண்காட்சிகளில் படம் வைப்பதும் பழைய, நல்ல வழி. இந்தத் துறை ஓவியர்களின் சங்கம் 1985 முதல் வழங்கும் விருதுக்குப் பொனெஸ்டெலின் பெயரால் செஸ்லி விருது என்றே பெயர். அதன் பட்டியல்களைப் படித்தால் சமகால ஓவியர்கள் யார் யார் என்று தெரிந்துவிடும்.

படி 7: ஒரு அட்டை உருவாகும் வரிசை

பிரதி கிடைத்தால் முழுதாகப் படியுங்கள். முதல் வாசிப்பில் பேனா வேண்டாம், வாசகராகப் படியுங்கள். முடித்ததும் கதை உங்களுக்குள் விட்டுச் சென்றது என்ன என்று ஒரே வாக்கியம் எழுதுங்கள்: அச்சமா, வியப்பா, தனிமையா. இரண்டாம் வாசிப்பில் உடை, வயது, தோல் நிறம், காயங்கள், கலத்தின் வடிவம், எத்தனை சூரியன்கள், எந்த அத்தியாயத்தில் என்று குறிப்பெடுங்கள். கதையின் முடிவை உடைக்கும் காட்சியை ஆரம்பத்திலேயே நீக்கிவிடுங்கள்.

என் ஆரம்ப காலத்தில் ஒரு சிறு பதிப்பகம் முதல் 3 அத்தியாயங்களை மட்டும் அனுப்பியது. நானும் மீதியைக் கேட்கவில்லை. நாயகியை முன்னால் நிறுத்தி, விரல் நகம் வரை பார்த்துப் பார்த்து வரைந்து முடித்தேன். அவளுடைய இடக்கை எந்திரக் கை என்பது 11-ஆம் அத்தியாயத்தில் வருகிறது. எழுத்தாளர் பார்த்ததும் மனம் நொந்துபோனார். மறுபடி வரைய 9 நாள் ஆயிற்று. அன்றிலிருந்து, பிரதி தயாராகவில்லை என்றால் கதாபாத்திரங்களின் உடல் விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்காமல் நான் பென்சிலைத் தொடுவதில்லை.

அடுத்தது தம்ப்நெயில். கட்டை விரல் அளவில் 20, 30. முதல் ஐந்தாறு எல்லோருக்கும் தோன்றுபவைதான். அவை கையிலிருந்து கழிந்த பிறகே உங்களுடையது வரும். அதிலிருந்து மூன்றைத் தேர்ந்து, தலைப்புக்கான இடத்தைச் சாம்பல் பட்டையாகக் குறித்து, ரஃப் ஸ்கெட்ச்களாக அனுப்புங்கள். உங்களுக்கே பிடிக்காத ஒன்றை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் அதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். பிறகு பல வாரம் அதோடு கிடக்க வேண்டும்.

தேர்வானதும் கறுப்பு-வெள்ளையில் ஒளி அமைப்பு, பிறகு சிறிய அளவில் வண்ணச் சோதனை, அதற்கும் எழுத்துபூர்வ ஒப்புதல். அதன் பிறகே முழு ஓவியம். மனிதர் இருந்தால் யாரையாவது நிற்க வைத்து, கதையில் உள்ள திசையிலேயே விளக்கை வைத்துப் புகைப்படம் எடுங்கள். இணையத்தில் கிடைத்த யாரோ ஒருவரின் படத்தைப் பார்த்து வரைவது உரிமைச் சிக்கலில் கொண்டுபோய் விடும்.

முடிக்கும் முன் படத்தைத் திரையில் 100 பிக்சல் உயரத்துக்குச் சுருக்கிப் பாருங்கள். இணையக் கடையில் வாசகர் அதை அந்த அளவில்தான் முதலில் சந்திப்பார்.

படி 8: அச்சுக் கணக்கு

சொந்தமாகப் பதிப்பிப்பவருக்கு முன்னட்டை, முதுகு, பின்னட்டை சேர்ந்த முழு உறையை நீங்களே தர வேண்டியிருக்கும். சொந்தப் பதிப்புக்கான அமேசானின் கேடிபி சேவையின் கணக்குப்படி, வெளிர்மஞ்சள் தாளில் பக்கத்துக்கு 0.0025 அங்குலம். 320 பக்கம் என்றால் முதுகின் தடிமன் 0.8 அங்குலம். 6-க்கு 9 அளவு நூலுக்கு இரண்டு அட்டை 12, முதுகு 0.8, வெட்டில் போகும் ஓரத்துக்கு 0.125 வீதம் இரு பக்கமும் 0.25. மொத்தம் 13.05 அங்குல அகலம், 9.25 உயரம். 300 டிபிஐ-யில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில், 3915-க்கு 2775 பிக்சல். மின்னூலுக்கு 1600-க்கு 2560. இறுதிப் பக்க எண்ணிக்கை தெரியும் முன் முதுகின் அளவை முடிவு செய்துவிடாதீர்கள். ஓவியத்தை இரு பக்கமும் தாராளமாக நீட்டி வரைந்து வைத்தால் பிறகு வெட்டிக்கொள்ளலாம்.

திரையில் மின்னும் நீலமும் பச்சையும் சிஎம்ஒய்கே என்ற நான்கு மை அச்சில் மங்கும். நெபுலா வரைபவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் மனமுடைந்திருப்பார்கள். வண்ணச் சோதனைக் கட்டத்திலேயே அச்சு வண்ணத்துக்கு மாற்றிப் பாருங்கள். விண்வெளியின் கறுப்புக்கு எவ்வளவு மை தாங்கும் என்பதையும் அச்சகத்திடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

படி 9: பணமும் உரிமையும்

நீங்கள் விற்பது ஓவியத்தையா, அதைப் பயன்படுத்தும் உரிமையையா? ஒப்பந்தம் படிக்கும்போது இந்த ஒரு கேள்வியை மனதில் வையுங்கள். முன்னட்டைக்கு, இன்ன மொழியில், இன்ன நாடுகளில், இத்தனை ஆண்டுக்கு என்று உரிமம் தருவது நல்ல முறை. பதிப்புரிமை உங்களிடமே இருக்கும். பிறகு அதே ஓவியத்தை வேற்றுமொழிப் பதிப்புக்கு உரிமம் தரலாம், பிரதிகள் அச்சிட்டு விற்கலாம், அசல் ஓவியத்தையும் விற்கலாம். 'வர்க் ஃபார் ஹையர்' என்று ஒப்பந்தத்தில் இருந்தால் எல்லா உரிமையும் அவர்களுக்குப் போய்விடும். அதற்கு ஒப்புக்கொள்வதென்றால் தொகை அதற்கேற்ப உயர வேண்டும்.

கில் ஃபீ, அதாவது வேலை பாதியில் கைவிடப்பட்டால் உங்களுக்குத் தர வேண்டிய தொகை, என்ற பிரிவு கட்டாயம் இருக்கட்டும். ரஃப் கட்டத்தில் திட்டம் நின்றால் எவ்வளவு, முழு ஓவியம் முடிந்த பின் நின்றால் எவ்வளவு என்று எண்ணாகவே எழுதுங்கள். வாய்ப்பேச்சை நம்பி முழு ஓவியம் முடித்து, நாவல் கைவிடப்பட்டு, ஒரு காசும் வராமல் நின்ற அனுபவம் எனக்கு உண்டு. தனி எழுத்தாளர்களிடம் பாதியை முன்பணமாக வாங்குங்கள். உயர் தெளிவுக் கோப்பை மீதி வந்த பிறகு அனுப்புங்கள். எத்தனை முறை திருத்தம் என்பதும், நூலுக்குள் உங்கள் பெயர் வரும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். தொகை கேட்கத் தயங்குபவர்களுக்கு அமெரிக்காவின் கிராஃபிக் ஆர்டிஸ்ட்ஸ் கில்டு வெளியிடும் விலை, நெறி வழிகாட்டிக் கையேடு உதவும்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்: என் ஓவியத்தை எந்த மென்பொருளுக்கும் பயிற்சித் தரவாகத் தரக்கூடாது. உங்கள் பக்கத்திலும் நேர்மை வேண்டும். இயந்திரம் உருவாக்கிய துண்டுகளைச் சேர்த்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். 2023 பிப்ரவரியில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் ஒரு படக்கதை நூலில், இயந்திரம் உருவாக்கிய படங்களுக்குப் பதிப்புரிமை இல்லை என்று முடிவு செய்தது. உரிமை கோர முடியாத படத்தைப் பதிப்பகத்துக்கு உரிமம் தருவது இரு தரப்புக்கும் ஆபத்து.

படி 10: தொடர்ந்து ஓடுவது

முதல் சில ஆண்டுகள் அட்டை வருமானம் மட்டும் போதாது. பலர் விளையாட்டு நிறுவனங்களுக்கும் திரைப்படங்களுக்கும் கான்செப்ட் ஓவியம் வரைந்துகொண்டே அட்டைகளும் செய்கிறார்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. பொனெஸ்டெலும் அப்படித்தான் இருந்தார். மணிக்கட்டையும் முதுகையும் கவனியுங்கள், தேதி தவறும் என்று தெரிந்த அன்றே ஆர்ட் டைரக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

அச்சான பிரதி தபாலில் வந்ததும், அதைத் திரையில் உள்ள கோப்போடு பக்கத்தில் வைத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த நிழல் மூடிக்கொண்டது, எந்த நீலம் செத்தது, முதுகு மடிப்பு எதன் மேல் விழுந்தது, தலைப்பு எதை மறைத்தது என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த நாவலின் தம்ப்நெயிலைத் தொடங்கும் முன் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.